காலை ஆறு இருபத்தொன்று

சூரிய ஆய்வு நிலையம்,
அல்மா-அத்தா மேல்மலை
9 ஜூன் 1972

அன்புள்ள ஒஸ்கோன் அண்ணாவுக்கு,

தங்கை ஸூரா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். நீயும் உல்ஜான் அண்ணியும் சௌக்கியமா? குதிரையின் பின்னங்கால் வீக்கம் வடிந்ததா? ஆடுகளுக்கு இந்த வருஷம் புல் போதுமா?

போன கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "படித்துப் பட்டம் வாங்கிவிட்டு மலை உச்சியில் உட்கார்ந்து சூரியன் முகத்தில் இருக்கிற மச்சத்தை எண்ணுகிறாயே, இதற்குச் சம்பளம் வேறு தருகிறார்களா?" அண்ணி சிரிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதியிருக்கிறாய். தருகிறார்கள். உனக்குத் தருவதைவிடக் கொஞ்சம் கூடவே தருகிறார்கள்.

அது மச்சம் இல்லை. சூரியன் முழுக்க வாயு. அதனால் கல் உருண்டை மாதிரி ஒரே சீராகச் சுற்றாது. இடுப்புப் பக்கம் இருபத்தைந்து நாளில் ஒரு சுற்று முடித்துவிடும்; தலைக்கும் காலுக்கும் முப்பது நாளுக்கு மேல் ஆகும். இந்த இழுபறியில் அதற்குள் இருக்கும் காந்தம் முறுக்கேறிக்கொண்டே போகிறது. நீ ஆட்டுமயிர்க் கயிறு திரிக்கும்போது அளவுக்கு மீறி முறுக்கினால் நடுவில் ஒரு வளையம் துள்ளி எழும்புமே, அதேதான். வளையம் மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு புள்ளி, திரும்ப உள்ளே போகும் இடத்தில் இன்னொரு புள்ளி. கீழேயிருந்து கொதித்து வரும் சூட்டை அந்தக் காந்தம் அங்கே மறித்து நிற்கிறது. அதனால் அந்த இடம் மட்டும் ஆறிப்போகிறது. ஆறியதென்றால் நாலாயிரம் டிகிரி! சுற்றிலும் ஆறாயிரம் என்பதால் இது கறுப்பாகத் தெரிகிறது. அதைத் தனியாகப் பிய்த்து வானத்தில் வைத்தால் முழுநிலவை வெட்கப்பட வைக்கும்.

ஒரு விஷயத்தில் நீ பொறாமைப்படலாம். மற்ற விண்ணியல்காரர்கள் ராத்திரி முழுக்கக் கண்விழிக்கிறார்கள். நாங்கள் அப்படியில்லை. எங்கள் முகட்டைத் தாண்டிச் சூரியன் வரவே எட்டரை ஆகிறது. அதுவரை நான் போர்வைக்குள்தான். நம் வீட்டில் என்னை எழுப்ப நீங்கள் தண்ணீர் தெளித்த காலம் போயே போச்சு.

அண்ணிக்கு என் அன்பு. குதிரைக்கும்.

ஸூரா

*

பனி ஏரி நிலையம்
30 ஜூன் 1972

அருமைத் தங்கை ஸூராவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமாயிருக்க வேண்டும். குதிரை இப்போது நடக்கிறது. முன்பைவிட அதிகமாகச் சாப்பிடவும் செய்கிறது.

கயிறு விளக்கம் புரிந்தது. அண்ணிக்கு உடனே புரிந்தது, எனக்கு இரண்டு தடவை படித்த பிறகு. இருந்தாலும் கேட்கிறேன்: அங்கே கயிறு முறுக்கேறினால் இங்கே எனக்கென்ன?

என் பிழைப்பு தெரிந்ததுதான். பனிப்பாளம் அடைத்து நிற்கிற ஏரியை அண்ணியும் நானும் மாறி மாறிப் பார்ப்போம். நீர்மட்டத்தை ஒரு நாளைக்கு மூன்று தடவை ரேடியோவில் மோர்ஸ் தட்டிக் கீழே தளத்துக்குச் சொல்வோம். ஏரி உடைந்தால் தளம் மேய்ச்சல்காரர்களை எச்சரிக்கும். அங்கே திமோஃபெய் இருக்கிறான். நான் கூப்பிட்டால் முதலில் அவன் கேட்பது, "முழிச்சிருக்கியா, இல்ல தூக்கத்துல தட்டுறியா?" ஜனவரியில் ஒருநாள் அசந்துபோய் ஒரு நேர அழைப்பைத் தவறவிட்டேன் அல்லவா, அதற்கு எழுத்தில் கண்டனம் வந்தது. அதை அவன் சாகும்வரை விடமாட்டான்.

இந்த வருஷம் ஏரி சீக்கிரமே நிரம்புகிறது. பார்ப்போம்.

அண்ணி காய்ந்த தயிர் உருண்டை ஒரு பை கொடுத்தனுப்பியிருக்கிறாள். ஹெலிகாப்டர்காரன் பாதியைத் தின்றிருப்பான், மீதி உனக்கு.

ஒஸ்கோன்

*

மேல்மலை
2 ஆகஸ்ட் 1972

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். தயிர் உருண்டை ஒன்பது வந்து சேர்ந்தது. நீ எத்தனை அனுப்பினாய் என்று கேட்டு வயிறெரிய நான் தயாரில்லை.

"எனக்கென்ன" என்று கேட்டாயே, இதோ பதில். நாலு நாளாகச் சூரியனின் கிழக்கு விளிம்பிலிருந்து ஒரு புள்ளிக் கூட்டம் நகர்ந்து வருகிறது. நம் பூமியை ஏழெட்டு வரிசையாக வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும். இது அடங்கவேண்டிய வருஷம். பதினோரு வருஷத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்கும் கணக்கில் இப்போது இறக்கம். இது மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை. காந்தத்தின் வடதுருவமும் தென்துருவமும் ஒரே கூட்டுக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. எங்கள் தலைவி நீனா இகோரெவ்னா நான் வரைந்த தாளைப் பார்த்துவிட்டு, "இது சும்மா போகாது ஸூரா, பாரு" என்றார். இன்று நான் காலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தடவை பளிச்சென்று வெடித்தது.

இப்படி முறுக்கு அறுந்து வெடித்தால் எட்டே நிமிடத்தில் அதன் கதிர் நம் தலைக்குமேலே வந்துவிடும். மேல்காற்றின் அடித்தட்டு தடித்துப்போய், உன் ரேடியோ அலையை அப்படியே விழுங்கிவிடும். வெயில் படும் பக்கம் முழுக்க ஊமையாகிவிடும். பிறகு தானாகச் சரியாகும். அதனால் திடீரென்று ரேடியோ செத்தால் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிடாதே. என்னைத் திட்டு, போதும்.

தாளில் வரைந்து வரைந்து கட்டைவிரல் கறுத்துவிட்டது. சந்தோஷமாக இருக்கிறேன் அண்ணா.

ஸூரா

*

பனி ஏரி நிலையம்
15 ஆகஸ்ட் 1972

தங்கை ஸூராவுக்கு,

நாங்கள் இருவரும் உடம்புக்கு நலம். நீயும் நலமாக இரு.

4ஆம் தேதி ஏரி உடைந்தது. கீழ்ப் பாலம் போய்விட்டது. கூட்டுப்பண்ணை ஆடுகள் இருநூற்றுப் பன்னிரண்டு போயின. மேய்ப்பன் அசனாலிக்குத் தோளெலும்பு முறிந்தது. அவன் பெண்டாட்டி பிள்ளைகள் பாறைமேல் ஏறித் தப்பித்தார்கள். உயிர்ச் சேதம் இல்லை.

எச்சரிக்கை ஏன் போகவில்லை என்று விசாரணை வைத்திருக்கிறார்கள். வழக்கமான விசாரணைதான். ஒரு உதவி வேண்டும். 4ஆம் தேதி சூரியனில் ஏதோ நடந்ததாக ஹெலிகாப்டர்காரன் சொன்னான். அப்படி ஏதாவது நடந்திருந்தால், மணி நிமிடத்தோடு எழுதி, நிலைய முத்திரை குத்தி அனுப்பு. எதற்கு என்று கேட்காதே. அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் வந்தால் நல்லது.

ஒஸ்கோன்

*

மேல்மலை
27 ஆகஸ்ட் 1972

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கண்டு உடனே எழுதுகிறேன். உயிர் போகவில்லையே, அதுவே பெரிது. அண்ணி பயந்துபோயிருப்பார். நான் 2ஆம் தேதி எழுதியது கிடைத்ததா இல்லையா? அதில் எல்லாம் சொல்லியிருந்தேனே!

கேட்காதே என்றால் கேட்காமல் இருக்க நான் என்ன குதிரையா? உன் ரேடியோ ஊமையாகியிருக்கிறது, உன்மேல் பழி போடுகிறார்கள். சரிதானே? கவலையை விடு. 4ஆம் தேதி நடந்தது மாதிரி ஒன்றை நீனா இகோரெவ்னா தன் வாழ்நாளில் பார்த்ததில்லையாம். சிவப்புக் கண்ணாடி வழியே பார்த்தபடி நான்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. இமைப்பதற்குள் அது இரண்டு நாடாவாக விரிந்தது. கண்ணை எடுக்காமல் வரைந்தேன்.

தாளின் நகல் இத்துடன் இருக்கிறது. 'தொடக்கம் 06.21' என்று அடியில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்திருக்கிறேன். தைரியமாகக் கொண்டுபோய் அவர்கள் மேசையில் போடு.

முடிந்ததும் ஒரு வரி எழுது.

ஸூரா

*

மேல்மலை
26 செப்டம்பர் 1972

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? இரண்டு ஹெலிகாப்டர் தபால் வந்துவிட்டது. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. விசாரணை என்ன ஆயிற்று? தாள் கிடைத்ததா என்றாவது சொல். கோபமென்றால் கோபமாகவே எழுது, பரவாயில்லை. நீ எழுதாமல் இருப்பதுதான் என்னை என்னவோ செய்கிறது.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

ஸூரா

*

பனி ஏரி நிலையம்
3 அக்டோபர் 1972

அன்பு நாத்தனார் ஸூராவுக்கு,

உல்ஜான் எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறாயா? உன் அண்ணன் எழுதமாட்டார். எழுதக்கூடாது என்று எனக்கும் சொல்லியிருக்கிறார். நான் எழுதுகிறேன்.

அந்த வாரம் பல்வலி என்று நான் கீழே ஊருக்குப் போயிருந்தேன். ஏரி பொங்கிக்கொண்டிருந்ததால் மாற்ற ஆளில்லாமல் அவர் இரண்டு நாள் தூங்கவில்லை. 4ஆம் தேதி மத்தியானம் ஏரி உடைந்தது. 12.20க்கு அழைக்க ஆரம்பித்திருக்கிறார். பதிவேட்டில் இப்படி இருக்கிறது: "12.22. காதில் ஒன்றுமில்லை. இரைச்சல்கூட இல்லை." அதற்கடுத்த வரி: "13.05. இன்னும் இல்லை. குதிரையில் கிளம்புகிறேன்." நடுவில் நாற்பது நிமிடத்துக்கு ஒரு எழுத்தும் இல்லை.

அந்த நாற்பது நிமிடத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். விசாரணைக் குழுத் தலைவர் சாதிபெக், உன் அண்ணனைப் பார்த்து, "ஜனவரியில தூங்கின ஆளு ஆகஸ்ட்ல தூங்கமாட்டானா?" என்று கேட்டார். இவர் உன் தாளை எடுத்து நீட்டினார். என்ன நம்பிக்கையோடு நீட்டினார் தெரியுமா? கழுத்துவரை பித்தான் போட்டுக்கொண்டு போயிருந்தார்.

சாதிபெக் படித்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இதுல காலையில ஆறு இருபத்தொன்னுன்னு போட்டிருக்கு. நீ தூங்கினது மத்தியானம். அந்த நேரத்துல உங்க பள்ளத்தாக்குல சூரியனே எட்டிப் பார்க்காதே! தங்கச்சிகிட்ட பொய் எழுதி வாங்கினாலும் மணியைச் சரியாச் சொல்லி வாங்கக்கூடாதா?" அறையில் எல்லோரும் சிரித்தார்கள். திமோஃபெய் மட்டும் தலை குனிந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னது இது: "சூரியன் காலையிலேயே அடங்கிடுச்சு. எட்டு மணி அழைப்புல ரேடியோ நல்லாத்தான் இருந்தது. அப்போ மத்தியானம் எனக்கு ஒன்னும் கேக்கலைன்னா, நான் தூங்கித்தான் இருக்கேன். கூப்பிட்டதெல்லாம் கனவுல கூப்பிட்டிருக்கேன் உல்ஜான்." அன்றிலிருந்து ரேடியோ அறைக்குள் காலெடுத்து வைப்பதில்லை. நான்தான் தட்டுகிறேன். அசனாலியைப் பார்த்தால் வேறு வழியில் போய்விடுகிறார்.

20ஆம் தேதி கடைசி விசாரணை. தூங்கினேன் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடப் போகிறாராம். போட்டால் வேலை போகும், வழக்கும் வரும். ஆனால் எனக்கு அதுகூடப் பெரிதில்லை. அந்தப் பிள்ளைகளைப் பாறைமேல் ஏற்றியது தன் தூக்கம்தான் என்று நம்பிவிட்டார். அந்த நினைப்போடு அவர் எப்படி வாழ்வார்?

உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை. வெட்கம்.

உல்ஜான்

*

தந்தி
11 அக்டோபர் 1972

கையெழுத்துப் போடாதே. நீ தூங்கவில்லை. என் தாளின் நேரம் கிரீன்விச் நேரம். ஆறு மணி கூட்டு. கடிதம் சான்றிதழ் ஹெலிகாப்டரில். ஸூரா

*

மேல்மலை
11 அக்டோபர் 1972

என் அருமை அண்ணா,

நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை, மன்னித்துக்கொள்.

அண்ணி கடிதத்தில் '12.22' என்ற எண்ணைப் பார்த்ததும் கையிலிருந்த தேநீர்க் கிண்ணம் கீழே விழுந்தது. நீ அந்த நேரத்தை ஆகஸ்ட் கடிதத்திலேயே எழுதியிருக்கக் கூடாதா? எதற்கென்று கேட்காதே என்றாயே, மகராசா! ஆனால் தப்பு என்னுடையது. நேரே சொல்கிறேன், என்னுடையதுதான்.

உலகத்தில் எந்த மூலையிலும் சூரியனைப் பார்க்கிறவர்கள் தங்கள் ஊர் நேரத்தை எழுதமாட்டார்கள். எல்லோரும் கிரீன்விச் நேரம்தான். அப்போதுதான் ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்த்ததோடு ஒட்டிவைக்க முடியும். எங்கள் அறைக் கடிகாரமே அந்த நேரத்தில்தான் ஓடுகிறது. பக்கத்தில் அதை எழுதிவைக்கும் வழக்கம்கூட எங்களுக்கு இல்லை. தெரியாதவர் கைக்கு எங்கள் தாள் போனதே இல்லை. ஆறு வருஷமாக அந்தக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, உன் கையில் இருப்பது வேறு கடிகாரம் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை.

கிரீன்விச் 06.21 என்றால் உனக்கும் எனக்கும் மத்தியானம் 12.21. சூரியன் உச்சியில் நின்ற நேரம். ரேடியோவை மிக ஆழமாக விழுங்கும் நேரமும் அதுதான். நான் 12.21க்கு அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தேன்; அந்த ஒளியும் ரேடியோவை விழுங்கும் கதிரும் ஒன்றாகத்தான் இங்கே வந்து சேரும். நீ 12.22க்கு, இரைச்சல்கூட இல்லை என்று எழுதியிருக்கிறாய். அண்ணா, பெட்டி கெட்டால் கரகரக்கும். தூங்குகிறவன் எதையும் எழுதமாட்டான். இரைச்சலும் சேர்ந்து அடங்குவது சூரிய வெடிப்பில் மட்டும்தான். அது தெரியாமலே அதன் அடையாளத்தை நிமிடம் தவறாமல் எழுதிவைத்திருக்கிறாய். எங்கள் நிலையத்தில் இதைவிட நல்ல பதிவு கிடையாது என்று நீனா இகோரெவ்னா சொல்கிறார். அவர் இரண்டு நேரத்தையும் எழுதிக் கொடுத்த சான்றிதழ் இதோடு இருக்கிறது.

இன்னொன்று. காலை ஆறு இருபத்தொன்றுக்கு நான் கண்விழித்து வேலை பார்த்தேன் என்று நீ எப்படி நம்பினாய்? இருபது வருஷம் என்மேல் தண்ணீர் தெளித்தவன் நீ! அந்த ஒன்றை யோசித்திருந்தாலே அங்கேயே எழுந்து நின்று சிரித்திருக்கலாம்.

அழுதுகொண்டே எழுதுகிறேன், எழுத்து கலைந்திருந்தால் பொறுத்துக்கொள். அந்த நாற்பது நிமிடமும் நீ கூப்பிட்டிருக்கிறாய். கேட்கத்தான் யாராலும் முடியவில்லை.

ஸூரா

*

பனி ஏரி நிலையம்
24 அக்டோபர் 1972, மாலை 5.10
(உள்ளூர் நேரம்!)

அருமைத் தங்கை ஸூராவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். இந்த முறை மெய்யாகவே நலம். குதிரையும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? தேநீர்க் கிண்ணம் வேறு வாங்கிக்கொண்டாயா?

தந்தி வந்தபோது அண்ணி ஆட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். வாசித்ததும் கயிற்றைப் போட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தாள். ஆடு போனது போனதுதான், இரண்டு நாள் தேடினோம்.

20ஆம் தேதி சான்றிதழைக் கொடுத்தேன். சாதிபெக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு நேரமும் போட்டிருக்காங்களே, முன்னாடியே இப்படிப் போட்டா என்ன?" என்று முனகினார். அப்போது பின்வரிசையிலிருந்து திமோஃபெய் எழுந்தான்.

"நானும் ஒன்னு சொல்லணும். அன்னைக்கு மத்தியானம் என் ரேடியோவும் செத்துப்போச்சு. என் பெட்டிதான் போச்சுன்னு நினைச்சு பின்பக்கத்தைக் கழட்டி வெச்சிட்டேன். வெளியில சொன்னா என் தலையில விழும்னு வாயை மூடிக்கிட்டேன். ஒஸ்கோன் என்னை மன்னிக்கணும்."

சாதிபெக் தளத்தோடு பேசும் மற்ற மூன்று நிலையப் பதிவேடுகளையும் அங்கேயே வரவழைத்தார். எல்லாவற்றிலும் 12.21லிருந்து ஒரு ஓட்டை, ஸூரா! ஒருவன் 'காதுவலி, ஓய்வு' என்று எழுதியிருந்தான். ஒருவன் 'மதியச் சாப்பாடு' என்று எழுதியிருந்தான், ஒரு மணி நேரம். ஒருவன் பக்கத்தையே ஒட்டிவிட்டான். அவனவன் தன் தப்பு என்று நினைத்து அவனவன் மறைத்திருக்கிறான். அந்த மத்தியானத்தை அப்படியே எழுதிவைத்திருந்தது நான் ஒருவன்தான். சாதிபெக் காதுவலிக்காரனை ஒரு பார்வை பார்த்தார் பார், அதற்கே காது வலித்திருக்கும்.

குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். ஜனவரிக் கண்டனம் அப்படியே இருக்கிறது. அது நான் தூங்கியதுதான், இருக்கட்டும். இனி ரேடியோ ஊமையானால் அடிக்க ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு மணி வரப்போகிறது. முகட்டுக்கு முகடு கேட்டுத் திருப்பி அடிப்பார்களாம். அசனாலி சொன்ன யோசனை. அவன் முறியாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாற்பது நிமிஷம் கூப்பிட்டியாமே" என்றான்.

உன் 2ஆம் தேதிக் கடிதம் வெள்ளம் வடிந்து மூன்று வாரம் கழித்து வந்தது. 'திடீரென்று ரேடியோ செத்தால் என்னைத் திட்டு' என்று எழுதியிருந்தாய். அப்போது அதைப் படிக்கவே முடியவில்லை. நேற்று படித்தோம். அண்ணி சத்தம்போட்டுப் படித்தாள், நான் ஒழுங்காக உன்னைத் திட்டினேன்.

உன் தாளை ரேடியோ அறையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். இன்று காலை எட்டு மணி அழைப்பை நானே எடுத்தேன். திமோஃபெய் கேட்டான்: "முழிச்சிருக்கியா?"

முழிச்சிருக்கேன் என்று தட்டினேன். அன்றும் விழித்துத்தான் இருந்தேன், ஸூரா.

ஒஸ்கோன்